வாசகர் கேள்வி – பதில்: காதில் விழுகிறது, நோட்டில் ஏறவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு மதுரைக்குக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியவில்லை, குறிப்பெடுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பல வருடம் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டவர்களே அதிகம், அதனால் யாருடைய பெயரும் இல்லை.

கேள்வி: அம்மா, எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், இயற்பியலில் நல்ல மார்க். இப்போது மதுரையில் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் முதல் வருடம் படிக்கிறேன். சார் பேசத் தொடங்கியதும் நானும் எழுதத் தொடங்குகிறேன், ஒரு வரி முடிப்பதற்குள் அவர் நாலு வரி தாண்டிவிடுகிறார். மணி அடிக்கும்போது நோட்டில் இருப்பதெல்லாம் அரைகுறை வரிகள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான் எழுதியதே எனக்குப் புரியவில்லை. சொற்களெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக வருகின்றன. எனக்கு மூளை அவ்வளவுதானோ என்று பயமாக இருக்கிறது.
(முதலாண்டு மாணவி, உசிலம்பட்டி)

பதில்: மகளே, அந்தக் கடைசி வரியை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடு. சாதாரணமாக வகுப்பெடுக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 100 முதல் 150 சொற்கள் வரை பேசுவார். கையால் எழுதுபவரால் நிமிடத்துக்கு 20, 25 சொற்கள்தான் எழுத முடியும். ஆங்கிலமே வீட்டு மொழியாக உள்ள பிள்ளையாலும் சார் சொல்வதை அப்படியே எழுத முடியாது. அவளுக்கு எதை விட்டுவிடலாம் என்று தெரிகிறது. உனக்கு எல்லாச் சொல்லும் முக்கியமாகத் தெரிகிறது, ஒன்றை விட்டால் போய்விடுமோ என்று எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்கிறாய். கை ஓடும்போது காது நின்றுவிடுகிறது. உன் சிக்கல் இவ்வளவுதான், இதற்கும் மூளைக்கும் சம்பந்தம் இல்லை.

நான் பேரையூர் பக்கத்திலிருந்து மதுரைக்குப் படிக்க வந்தவள். முதலில் படித்தது பொருளாதாரம், அப்புறம்தான் ஆங்கிலத்துக்கு மாறினேன். பொருளாதார வகுப்பில் 'செடெரிஸ் பாரிபஸ்' என்று ஒன்று தினமும் வரும். கேட்கவும் பயம், ஏனென்றால் முதல் வாரமே ஒரு ஆசிரியர் 'தமிழ் மீடியமா, பின்னால் போய் உட்கார்' என்று சொல்லியிருந்தார். மூன்று வாரம் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாமலே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நூலகத்தில் அகராதியைத் தேடி எடுத்துப் பார்த்தால், அது லத்தீன், 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்று பொருள். 'இதர நிலைகள் மாறாதிருக்கும்போது விலை ஏறினால் தேவை குறையும்' என்று பன்னிரண்டாம் வகுப்பில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். அந்த மேஜையிலேயே உட்கார்ந்து அழுதேன். தெரியாத பாடத்துக்காக மூன்று வாரம் பயந்திருந்தால் பரவாயில்லை, தெரிந்த பாடத்துக்காகப் பயந்திருக்கிறேன்.

உன் முதல் செமஸ்டரில் வரும் பாதிப் பாடம் உனக்குத் தெரிந்ததுதான், வேறு பெயரில் வருகிறது. வெலாசிட்டி என்றால் திசைவேகம், மொமென்டம் என்றால் உந்தம், இனர்ஷியா என்றால் நிலைமம், சர்ஃபேஸ் டென்ஷன் என்றால் பரப்பு இழுவிசை. இந்தப் பெயர்கள் வகுப்பில்தான் முதல்முறையாகக் காதில் விழுகின்றன என்றால், மனது அங்கேயே நின்று 'இது என்ன' என்று தேடும், அதற்குள் அடுத்த இரண்டு வாக்கியம் போய்விடும். முந்தின நாளே பெயர்களைத் தெரிந்துகொண்டு போனால் அந்தத் தேடல் இருக்காது. அதற்குச் செலவும் கிடையாது. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே பாடம், அதே வரிசை, படங்களும் அதே படங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், ஒரு பாடத்துக்குப் பதினைந்து இருபது சொல் தேறும். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வரை பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதே, அந்த நேரம் இதற்குப் போதும். சொல்லை வாயால் சொல்லிப் பழகு. வாயில் வராத சொல் காதிலும் நிற்காது.

சரி, வகுப்புக்குள் வருவோம். விஸ்காசிட்டி பாடம் என்று வைத்துக்கொள். சார் சொல்கிறார்: 'விஸ்காசிட்டி இஸ் த ப்ராபர்ட்டி ஆஃப் எ ஃப்ளூயிட் பை வர்ச்சூ ஆஃப் விச் இட் அப்போசஸ் த ரிலேட்டிவ் மோஷன் பிட்வீன் இட்ஸ் லேயர்ஸ்.' இதை முழுக்க எழுதப் பார்த்தால் 'பை வர்ச்சூ ஆஃப் விச்' வரும்போது மாட்டிக்கொள்வாய். அது வெறும் இணைப்புச் சொல், 'அதனால்' என்று பொருள், அதை எழுதவே வேண்டாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாக்கியம் முடியும்வரை கேள். முடிந்ததும் புரிந்ததை மட்டும் எழுது:

விஸ்காசிட்டி = பாகுநிலை
படலத்துக்குப் படலம் நகர்வு → எதிர்ப்பு
தேன் > தண்ணீர்
சூடு ↑ : திரவம் ↓, வாயு ↑

அவ்வளவுதான், நாலு வரி. பாகு என்ற சொல்லிலேயே பாதி விளக்கம் இருக்கிறது பார், அதிரசத்துக்குக் காய்ச்சிய பாகு கரண்டியிலிருந்து எப்படி இழுத்துக்கொண்டு இறங்கும் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விளக்கெண்ணெயைச் சூடாக்கினால் தண்ணீர் மாதிரி ஓடுவதையும் வீட்டில் பார்த்திருப்பாய், அதுதான் மூன்றாவது அம்புக்குறி. வாயுவில் இது தலைகீழ், சூடு ஏறினால் பாகுநிலையும் ஏறும், பரீட்சையில் கேட்பது அதைத்தான். வரையறையின் முழு வாக்கியம் புத்தகத்தில் இருக்கிறது, சாயங்காலம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நம் ஊர் விரிவுரையாளர்கள் அடிக்கடி சொல்லும் சில சொற்றொடர்கள் புதுப் பிள்ளைகளைக் குழப்பிவிடும். 'இட் இஸ் நத்திங் பட்' என்று சொன்னால் 'ஒன்றும் இல்லை' என்று காதில் விழும், ஆனால் பொருள் 'வேறொன்றும் இல்லை, இதுதான்' என்பது. 'ஃபோர்ஸ் இஸ் நத்திங் பட் த ரேட் ஆஃப் சேஞ்ச் ஆஃப் மொமென்டம்' என்றால் விசை என்பது உந்தம் மாறும் வீதமேதான். அந்தச் சொல் வந்தால் அடுத்து வருவது வரையறை, பேனாவை எடு. 'ப்ரொவைடட்' என்று வாக்கியத்தின் நடுவில் வந்தால் 'கொடுத்தார்கள்' என்று அர்த்தம் இல்லை, 'இந்த நிபந்தனை இருந்தால் மட்டும்' என்று அர்த்தம். 'ரெஸ்பெக்டிவ்லி' என்றால் 'முறையே'. 'வேர் ஆஸ்' என்றால் இதற்கு நேர் மாறானது வருகிறது. 'தேர் ஆர் த்ரீ ரீசன்ஸ்' என்றதுமே ஓரத்தில் 1, 2, 3 போட்டுவிடு, ஒன்றைத் தவறவிட்டாலும் எதைத் தவறவிட்டாய் என்று தெரியும், பக்கத்துப் பெஞ்சில் கேட்டுக்கொள்ளலாம். இப்படி ஒரு முப்பது சொற்றொடர் காதுக்குப் பழகிவிட்டால், சார் எங்கே திரும்புகிறார், எங்கே நிற்கிறார் என்று உனக்கு முன்கூட்டியே தெரியும்.

சொற்கள் ஒட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக வருகின்றன என்றும் எழுதியிருந்தாய். 'அன் அவரேஜ் ஆஃப் ஆல்' என்பது 'அனவரேஜாஃபால்' என்று விழும். இது தமிழ் இலக்கண வகுப்பில் நீ படித்த புணர்ச்சிதான். கடல், அலை சேர்ந்தால் கடலலை. மெய்யில் முடிவதன் மேல் உயிர் வந்து ஏறிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது பிரித்து எழுதுகிறார்கள், பேசும்போது நம்மைப் போலவே சேர்த்துத்தான் பேசுகிறார்கள். புரியாத ஒரு நீளமான சத்தம் வந்தால் நடுவில் எங்கே உயிரெழுத்து ஏறியிருக்கிறது என்று பிரித்துப் பார். பத்து நாளில் பழகிவிடும்.

அப்புறம், அன்றைக்கு எழுதியதை அன்றைக்கே பார்க்க வேண்டும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு மறதியை அளந்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார், கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பது அதில் தெரிந்தது. நீ மூன்று நாள் கழித்து சனிக்கிழமை நோட்டைத் திறந்தால் அந்த அம்புக்குறிகள் உனக்கே அந்நியமாகத் தெரியும். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே, இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து சாப்பிடுவதற்கு முன்னால், விட்டுப்போன இடங்களை நிரப்பிவிடு. ஒரு வகுப்புக்கு ஐந்து நிமிடம் போதும்.

கேள்வி: பி.காம். முதல் வருடம். நோட்டில் தமிழ் கலந்துதான் எழுதுகிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். தமிழில் எழுதினால் கடைசிவரை இங்கிலீஷ் வராது என்கிறார்கள். நிறுத்திவிடவா? தேர்வைத் தமிழில் எழுத விடுவார்களா?
(மாணவர், மேலூர்)

பதில்: நிறுத்தாதே தம்பி. நோட்டு உனக்காக எழுதுவது, யாரும் அதற்கு மார்க் போடப் போவதில்லை.

பாட்ரிசியா டங்கல் என்பவர் 1988-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள மாணவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கச் சொல்லி, அப்புறம் பரீட்சை வைத்துப் பார்த்தார். நிறைய எழுதியவர்கள் நல்ல மார்க் வாங்கினார்கள் என்று வரவில்லை. சுருக்கமாக, பரீட்சைக்கு விடையாகக்கூடிய விஷயங்களைப் பிடித்து எழுதியவர்கள்தான் நன்றாகச் செய்திருந்தார்கள். உனக்குத் தமிழில் எழுதினால்தான் சுருக்கமாகப் பிடிக்க முடிகிறது என்றால் தமிழில் எழுது.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள். பாடத்தின் கலைச்சொல்லை ஆங்கில எழுத்தில், ஸ்பெல்லிங் சரியாக எழுது, விளக்கத்தை மட்டும் தமிழில் எழுது. டிப்ரிசியேஷன் என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் 'தேய்மானம், வருடா வருடம் மதிப்புக் குறைவு' என்று தமிழில். லெட்ஜர் என்று எழுதினால் பேரேடு. கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடைகளில் கணக்குப்பிள்ளைகள் பேரேடு எழுதி வளர்ந்த ஊர் இது, அந்தச் சொல்லை எழுத நீ ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஆங்கிலம் வராமல் போய்விடுமோ என்ற பயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டர் பாக் என்ற ஆசிரியர், கல்லூரியில் படிப்பது எப்படி என்று 1962-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு பக்க அமைப்பைப் பரப்பினார். பக்கத்தின் இடது பக்கம் இரண்டரை அங்குலம் விட்டு ஒரு கோடு, கீழே இரண்டு அங்குலம் விட்டு இன்னொரு கோடு. வலது பக்கப் பெரிய இடத்தில் வகுப்பில் எழுதுவது. இடது ஓரத்தில் வகுப்பு முடிந்தபிறகு அந்தக் குறிப்புக்கான கேள்விகள். கீழே இரண்டு வரிச் சுருக்கம். நம் பிள்ளைகளுக்காக இதை நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லிக்கொடுப்பேன். வலது பக்கம் தமிழும் ஆங்கிலமும் எப்படி வருகிறதோ அப்படி எழுது. சாயங்காலம் இடது ஓரத்தில் கேள்வியை ஆங்கிலத்தில் எழுது, 'வாட் இஸ் டிப்ரிசியேஷன்?' அளவுக்கு எளிமையாக இருந்தால் போதும். கீழே இரண்டு வரியை உன் சொந்த ஆங்கிலத்தில் எழுது, தப்பு இருந்தால் இருக்கட்டும். காலையில் தமிழில் புரிந்தது ராத்திரிக்குள் ஆங்கிலத்தில் இரண்டு வரியாக உன் கையால் இறங்கிவிடும். ஒரு செமஸ்டரில் இருநூறு பக்கம் எழுதினால் நானூறு வரி ஆங்கிலம், எல்லாம் உன் பாடத்தைப் பற்றியது.

தேர்வு பற்றியும் கேட்டிருந்தாய். ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உன் கல்லூரியில் நடைமுறை என்ன என்று தேர்வுப் பிரிவில் நேரில் போய்க் கேள், சீனியர் சொல்வதை நம்பி இருக்காதே.

கேள்வி: நான் கடை வைத்திருக்கிறேன், பத்தாம் வகுப்பு வரை படித்தவன், ஆங்கிலம் தெரியாத தகப்பன். மகள் வகுப்பு முழுவதையும் போனில் ரெக்கார்ட் பண்ணிக்கொண்டு வந்து ராத்திரி ஒரு மணி வரை காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறாள். கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. படிப்பை நான் தடுக்கக்கூடாது, ஆனால் பார்க்கப் பொறுக்கவில்லை. சொல்லலாமா?
(ஒரு தகப்பனார், திருமங்கலம்)

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள் ஐயா. ஐந்து மணி நேர வகுப்பை மறுபடி கேட்க ஐந்து மணி நேரம் வேண்டும், அந்தப் பிள்ளை எப்போது தூங்கும்? அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. போன் பதிவு செய்துகொள்கிறது என்ற தைரியம் வந்துவிட்டால் வகுப்பில் காது தானாகவே தளர்ந்துவிடும், 'ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்' என்று தோன்றும். பகலில் புரியாதது, சோர்ந்துபோன ராத்திரியில், முகமும் பலகையும் இல்லாமல் வெறும் குரலாக வரும்போது எப்படிப் புரியும்?

பதிவு செய்வதை ஒரேயடியாக விடச் சொல்லவும் வேண்டாம். வகுப்பில் எங்கே பிடி நழுவியதோ அங்கே நோட்டு ஓரத்தில் மணியை மட்டும் எழுதி வைக்கச் சொல்லுங்கள், 10.20, 10.35 என்று. வகுப்பு தொடங்கிய நேரம் தெரியும், பதிவில் அந்த இடத்துக்கு நேராகப் போய் இரண்டு நிமிடம் கேட்டால் போதும், ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆசிரியரிடம் முதலில் அனுமதி கேட்கட்டும், தெரியாமல் பதிவு செய்வது சரியில்லை.

இன்னொரு உதவி உங்களாலேயே முடியும். ராத்திரி கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட உட்காரும்போது, 'இன்றைக்கு என்ன நடத்தினார்கள், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு' என்று கேளுங்கள். தமிழில் சொல்லட்டும். எங்கே தடுமாறுகிறாளோ அங்கேதான் புரியவில்லை, அது அவளுக்கே அந்த நிமிடம் தெரிந்துவிடும். ஆங்கிலம் தெரியாத தகப்பன் என்று நீங்கள் எழுதியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. இந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் அவளுக்கு இல்லை.

கேள்வி: இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். பி.பி.டி.யை (பவர்பாயிண்ட் ஸ்லைடுகளை) வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள், பிறகு எதற்கு எழுத வேண்டும்? எழுதியே ஆக வேண்டும் என்றால் லேப்டாப்பில் டைப் செய்யலாமா?
(மாணவர், மதுரை)

பதில்: பி.பி.டி.யில் இருப்பது தலைப்புகள், அவற்றுக்கு நடுவில் உள்ள 'ஏன்' எல்லாம் சார் வாயில்தான் வருகிறது. பி.பி.டி.யை முன்பே அனுப்பினால் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அதன் ஓரத்தில் அந்த 'ஏன்'களை மட்டும் எழுது. லேப்டாப் விஷயத்தில், கையால் எழுதுவதே மேல் என்று 2014-இல் ம்யூல்லரும் ஆப்பன்ஹைமரும் எழுதிய கட்டுரை பெரிதாகப் பேசப்பட்டது. டைப் செய்பவர்கள் வேகத்தால் காதில் விழுந்ததை அப்படியே அடித்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2019-இல் வேறொரு குழு அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு உறுதியாக வரவில்லை. அதனால் கருவியைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன், அப்படியே அடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். உன் பாடத்தில் சர்க்யூட் படங்களும் சமன்பாடுகளும் வருவதால் பேனா சுலபம், அவ்வளவுதான்.

கேள்வி: நான் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். வகுப்பில் பாதிப் பேர் முகத்தைப் பார்த்தாலே புரியவில்லை என்று தெரிகிறது. தமிழில் விளக்கினால் ஆங்கிலவழி மாணவர்களும் நிர்வாகமும் குறை சொல்கிறார்கள். ஆங்கிலத்திலேயே போனால் மனசு கேட்கவில்லை. என்னதான் செய்வது?
(மதுரை)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, முகத்தைப் பார்க்கிற ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரே என்று. பிள்ளைகளுக்கு நான் எத்தனை யோசனை சொன்னாலும் பாதி வேலை மேடையில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் மாணவர்களை மட்டும் திருத்திக்கொண்டிருப்பது நியாயம் இல்லை.

சாட்ரனும் ரிச்சர்ட்ஸும் 1986-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே விரிவுரையை நான்கு விதமாகத் தயாரித்து, ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள மாணவர்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். 'வெல்', 'ஓகே', 'சோ' போன்ற சின்ன அசைச் சொற்களைச் சேர்த்ததால் பெரிய பயன் தெரியவில்லை. 'இதுவரை காரணங்களைப் பார்த்தோம், இனி விளைவுகளுக்குப் போகிறோம்' என்பது போலப் பாடத்தின் திருப்பங்களை வாய்விட்டுச் சொன்ன விரிவுரைதான் நன்றாக மனதில் நின்றது. இதற்குத் தமிழும் தேவையில்லை, யாரும் குறை சொல்லவும் முடியாது. வகுப்புத் தொடங்கும்போது பலகையின் ஓரத்தில் இன்றைய பாடத்தின் நான்கு தலைப்புகளையும் அன்றைய புதுச் சொற்கள் ஏழெட்டையும் எழுதிவிடுங்கள், வகுப்பு முடியும்வரை அதை அழிக்காதீர்கள். ஒவ்வொரு தலைப்பு முடியும்போதும் அங்கே போய்க் கைவைத்துக் காட்டிவிட்டு அடுத்ததற்கு நகருங்கள். தொலைந்துபோன பிள்ளை அந்த இடத்தில் மறுபடி ஏறிக்கொள்ளும்.

வேகத்தைக் குறைப்பதென்றால் சொல்லை இழுத்து இழுத்துப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள், அது கேட்கக் கஷ்டம். சாதாரண வேகத்தில் பேசி, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் மௌனமாக நின்று, பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை ஒப்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அங்கே அவர்கள் தமிழில் பேசிக்கொள்வார்கள், பேசட்டும். நீங்கள் தமிழில் விளக்கினால்தானே புகார் வருகிறது? தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்லை மட்டும் ஒருமுறை பலகையில் எழுதிக்காட்டுங்கள், இனர்ஷியா பக்கத்தில் நிலைமம் என்று. ஒரு சொல்லுக்கு மூன்று விநாடிகூட ஆகாது. அந்த ஒரு சொல்லில் 'அட, இதுவா' என்று பத்து முகம் நிமிர்வதை நான் ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன்.

'எனி டவுட்ஸ்?' என்று கேட்காதீர்கள். ஒரு கையும் எழாது, என் வகுப்பிலும் எழுந்ததில்லை. வகுப்பின் கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் புரியாத ஒரு சொல்லைப் பெயர் போடாமல் எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், எந்த மொழியிலும் எழுதலாம். மறுநாள் முதல் ஐந்து நிமிடம் அந்தச் சீட்டுகளுக்குக் கொடுங்கள். ஆங்கிலவழியில் வந்த பிள்ளைகளும் எத்தனை சீட்டு எழுதுகிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கேள்வி: லிசனிங் வளர இங்கிலீஷ் படம் பார்க்கச் சொல்கிறார்கள். பார்த்தால் வகுப்பு புரியுமா?
(மாணவர், சோழவந்தான்)

பதில்: பிடித்தால் பார் தம்பி, ஆனால் வகுப்புக்காக என்றால் அது சுற்று வழி. உனக்குப் பாடம் நடத்துபவர் அமெரிக்கக்காரர் இல்லை, படத்தில் வரும் கொச்சைப் பேச்சு உன் வகுப்பில் வரவே வராது. 2003-இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தின் விரிவுரைகள் யூட்யூபில் இலவசமாக இருக்கின்றன. பேசுகிறவர்கள் நம் நாட்டுப் பேராசிரியர்கள், தமிழ்க்காரர்களும் நிறைய, உன் காதுக்குப் பழகிய உச்சரிப்பு. உன் பாடத்திலேயே ஒன்றை எடுத்து, பத்து நிமிடம் மட்டும், முதலில் திரையில் கீழே எழுத்து (சப்டைட்டில்) வராமல் கேள். மறுபடி கீழே எழுத்து ஓட விட்டுக் கேள், வேகமாக இருந்தால் 0.75-க்குக் குறைத்துக்கொள். மூன்றாவது முறை எழுத்தை எடுத்துவிட்டு, சாதாரண வேகத்தில், கையில் பேனாவோடு கேள். ஒரு வாரம் இதைச் செய்துவிட்டு, அந்த மூன்றாவது முறை எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.